ஹாலெப்பின் அந்த எட்டு மாதங்கள்

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் என்று சொன்னதும், ஊக்கமருந்தில் மாட்டியவர்தானே என்று கேட்கிறார்கள். டென்னிஸைத் தொடர்ந்து பார்க்கிறவர்களே கேட்கும்போது ஆத்திரம் வருகிறது. இத்தனை வருட உழைப்புக்கு இதுவா அடையாளம்?

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பாருங்கள். எதிரே 23 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களோடு செரீனா வில்லியம்ஸ். முதல் நான்கு கேம்களும் ஹாலெப்புக்கு. செரீனா முழு பலத்தோடு மூலைக்கு அடித்த பந்துகளை ஓடிப்போய் எடுத்தார். எடுத்ததோடு விடாமல், அடித்தவர் நகர்வதற்குள் எதிர் மூலைக்குத் திருப்பினார். ஆட்டம் முழுவதிலும் அவராகச் செய்த தவறுகள் மூன்றே மூன்று. 6-2, 6-2 என 56 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. உயரம் 168 சென்டிமீட்டர், இடிபோன்ற சர்வீஸும் கிடையாது. கால்களையும் கணிப்பையும் நம்பி ஆடிய ஆட்டம் அது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ருமேனியர் அவர்தான்.

அந்த இடத்துக்கு அவர் எளிதாக வந்துவிடவில்லை. 2017 பிரெஞ்சு ஓபன் இறுதியில் முதல் செட்டை வென்று, இரண்டாவதில் 3-0 என முன்னிலையில் இருந்தும் ஓஸ்டாபென்கோவிடம் தோற்றார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனுக்கு உலகின் முதல்நிலை வீராங்கனையாகப் போனார். ஆனால் உடைக்கு ஸ்பான்சர் இல்லாததால், இணையத்தில் ஆர்டர் செய்து தைத்து வாங்கிய சிவப்பு உடையில் ஆடினார். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாவது சுற்றில் லாரன் டேவிஸுடன் கடைசி செட் மட்டும் 15-13. அரையிறுதியில் கெர்பரை வீழ்த்தி, இறுதியில் வோஸ்னியாக்கியிடம் தோற்று, உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் கிடந்தார். அத்தோடு மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் தோல்வி. நாலரை மாதம் கழித்து பாரிஸில், பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஸ்டீபன்ஸிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதிலும் 0-2 எனப் பின்தங்கிய பிறகு பட்டத்தை வென்றார். 1978-இல் அதே பட்டத்தை வென்ற ருமேனியர் விர்ஜினியா ருசிச்சிதான் அவருடைய மேலாளர். அன்று நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

இனி அந்த வழக்கு. 2022 அமெரிக்க ஓபனில் எடுத்த மாதிரியில் ராக்ஸாடுஸ்டாட் இருந்தது. ரத்தசோகைக்குத் தரும் மருந்து, விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. அக்டோபரில் இடைநீக்கம். விசாரணை தள்ளிக்கொண்டே போய், 2023 செப்டம்பரில் நான்காண்டுத் தடை விதித்தார்கள். மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 மார்ச் 5 அன்று சொன்னது வேறு: மருந்து கலப்படமான ஊட்டச்சத்துப் பொடி வழியே உடலில் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம், வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவுக்கு ஒன்பது மாதத் தடை போதும்.

அந்த ஒன்பது மாதம் 2023 ஜூலை 6-ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது! அதற்குப் பிறகும் எட்டு மாதம் அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். முப்பதைத் தாண்டிய, முழங்கால் தேய்ந்த ஒரு வீராங்கனைக்கு எட்டு மாதம் என்பது எவ்வளவு என்று அந்த மேசைகளில் இருந்த யாரும் யோசிக்கவில்லையா? கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பே சொல்கிறது, அதை ஏற்கிறேன். விதித்த தண்டனையைவிட ஏறக்குறைய இரு மடங்கு அனுபவிக்க வைத்ததை ஏற்க முடியாது. இதே 2024-இல் கலப்பட மாத்திரையால் சிக்கிய போலந்து வீராங்கனை ஸ்வியாடெக்கின் விவகாரம் சில மாதங்களில் ஒரு மாதத் தடையோடு முடிந்தது. இரண்டும் அச்சாக ஒரே வழக்கு அல்ல. ஆனால் விரைந்து முடிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இடைநீக்கத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் டொரோண்டோவில் பட்டம் வென்றிருந்தார். திரும்பி வந்தபின் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே ஆடினார். 2025 பிப்ரவரி 4-இல் சொந்த நாட்டின் க்ளூஜ் நகரில் 6-1, 6-1 எனத் தோற்று, மைதானத்திலேயே ஓய்வை அறிவித்தார். 24 பட்டங்கள், 64 வாரம் முதலிடம். தற்காலிக இடைநீக்கம் செய்தால் இத்தனை மாதத்துக்குள் இறுதித் தீர்ப்பு வந்தாக வேண்டும், வராவிட்டால் வீரர் ஆடலாம் என்று டென்னிஸ் நிர்வாகம் விதி எழுத வேண்டும். அதற்கு ஹாலெப்பின் வழக்கைவிட வேறு காரணம் தேவையில்லை.