முதல் காசு நிகழ்ச்சிக்குப் புது ஐட்டம் வேண்டாம்

மேஜிக் பழகும் தம்பிகள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, முதல்முறையா காசுக்கு ஒரு ஷோ வந்திருக்கு. முப்பது நிமிஷம். என்ன ஐட்டம் பண்ணலாம்?" கூடவே ஒரு பட்டியலும் வரும். அதில் பாதி, அவர்கள் இன்னும் வாங்கவே வாங்காத பொருட்கள். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் மேஜிக் கடைக்குப் போகத்தான் கால் துடிக்கிறது.

இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. அட்வான்ஸ் பணத்தில் ஒரு பொருளும் வாங்காதீர்கள். செய்து செய்து உங்களுக்கே அலுத்துப்போன ஐட்டங்கள் மட்டும் போதும்.

நன்றாகத் தெரிந்த ஐட்டம் என்றால் போதாதா என்பார்கள். போதாது. நன்றாகத் தெரிந்ததைச் செய்யும்போதும் மனசு விரலிலேயே இருக்கும். அடுத்து எந்தக் கை, எந்தப் பாக்கெட் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அலுத்துப்போனதில்தான் கை தன்பாட்டுக்குப் போகும், கண்ணும் காதும் எதிரில் இருப்பவர்களைக் கவனிக்கும். முன்வரிசையில் ஒருவர் "அந்தக் கையைக் காட்டு" என்று சத்தம் போட்டால், சிரித்துக்கொண்டே பதில் சொல்ல மூளையில் கொஞ்சம் இடம் வேண்டாமா? காசு வாங்கிய அன்று பதற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். உள்ளங்கை வியர்க்கும், நாணயம் ஒட்டும், சீட்டுக்கட்டைப் பிடித்த விரல் நடுங்கும். நண்பர்கள் முன்னால் பத்துக்குப் பத்து வந்த வித்தை அன்றைக்கு ஏழு முறைதான் வரும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுங்கள்.

பிரிட்டிஷ் மேஜிக் மேதை டேவிட் டெவண்ட் பற்றி ஒரு கதை உண்டு. ஓர் இளைஞர் தனக்கு நூற்றுக்கணக்கான வித்தைகள் தெரியும் என்று பெருமையாகச் சொல்ல, டெவண்ட் தனக்கு எட்டோ என்னவோதான் தெரியும் என்றாராம். எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் மாறும், அதை விடுங்கள். 1912-இல் லண்டன் பேலஸ் தியேட்டரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் அவர் செய்த ஐட்டத்தைப் பாருங்கள். மேடையில் ஒரு பையன், ஒரு சிறுமி. காலியான தொப்பியிலிருந்து டெவண்ட் முட்டைகளை எடுத்துக்கொண்டே இருப்பார். சிறுமி வாங்கி வாங்கிப் பையனிடம் கொடுப்பாள். அவன் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவிப்பான், ஒன்று நழுவும், அதைப் பிடிக்கப் போனால் இன்னொன்று. முட்டை எங்கிருந்து வருகிறது என்பதைவிட அந்தப் பையன் படும் பாடுதான் சபையைச் சிரிக்க வைத்தது.

நம் பையன்களுக்கு ஆதர்சம் வேறு கதை. ஒரு வித்தையை மூன்று முறை பார்த்தால் ரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசிய பிரபல மேஜிக்காரர் ஹூடினியை, 1922-இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இன்னொரு மேஜிக்காரர் ஒரு சீட்டு வித்தையால் மடக்கினார். சீட்டு கட்டின் நடுவே போகும், உடனே மேலே வந்து நிற்கும். எத்தனை முறை செய்து காட்டியும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. அருமையான கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு மேஜிக்காரருக்குச் செய்து காட்டியது. நூறு பேர் உட்கார்ந்த ஹாலில் கடைசி வரிசைக்கு ஹார்ட்டினா டைமண்டா என்பதே தெரியாது. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் என்றால் சீட்டு ராஜா. ஹாலில் ஒரு சீட்டு ஐட்டமே அதிகம் என்பேன். மற்ற மேஜிக்காரர்களை ஏமாற்றுவதற்கென்றே பழகிய நுணுக்கம் எதையும் அன்று எடுத்துப் போகாதீர்கள். காசு கொடுப்பவருக்கு அதன் அருமை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, எதைத்தான் செய்வது? என் ஓட்டு கயிற்றுக்கு. நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று கயிறு ஒரே நீளமாகி மறுபடி பழையபடி ஆகும் ஐட்டம் தெரியாத மேஜிக்காரர் இல்லை. தூரத்திலிருந்து தெரியும், உடையாது, காற்றடித்தாலும் கவலையில்லை, மடித்தால் பாக்கெட்டில் அடங்கும். ஒன்றோடொன்று கோத்துப் பிரியும் உலோக வளையங்களும் அப்படித்தான், கூடவே சத்தமும் கிடைக்கும். காற்றிலிருந்து காசு பறித்து வாளியில் போடும் ஐட்டத்தில் ஒவ்வொரு 'டிங்'கும் கடைசி வரிசை வரை கேட்கும். கேட்கிறவர் பார்க்காமல் இருக்க மாட்டார். குழந்தைகள் இருந்தால் ஸ்பாஞ்ச் பந்து. ஒரு சிறுமியின் கைக்குள் ஒரு பந்தை வைத்து "இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்கிறீர்கள். விரலைப் பிரிக்கிறாள், இரண்டு பந்து துள்ளி விழுகிறது. பந்தை யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

"இதெல்லாம் எல்லாரும் பண்றதுதானே, யூடியூபில் ரகசியமே இருக்கே" என்று உடனே கிளம்புவார்கள். கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்துச் செய்யும் வித்தையைப் பற்றி ரோமானியத் தத்துவஞானி செனெகா ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன் சூட்சுமம்தான் தனக்கு இன்பம், அது எப்படி என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்கிறார். அதே கிண்ண வித்தை, கூழாங்கல்லுக்குப் பதில் பந்தோடு, இன்றும் மேடையில் இருக்கிறது. உங்களுக்குத்தான் அது பழசு, ஹாலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நேரில் ஒரு மேஜிக்காரரைப் பார்ப்பதே அபூர்வம். புதுமை வேண்டுமென்றால் பேச்சில் கொண்டுவாருங்கள். வீடியோவில் பார்த்த இன்னொருவரின் ஜோக்கை அப்படியே ஒப்பிப்பதற்கு, பேசாமல் செய்வதே மேல்.

பட்டியல் போடும் முன் அழைத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை பேர், என்ன வயது, உட்கார்ந்திருப்பார்களா நடமாடுவார்களா, ஆட்கள் பக்கவாட்டிலும் பின்னாலும் இருப்பார்களா, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி ஏதும் உண்டா. பலரும் கேட்க மறப்பது மைக். கையில் பிடிக்கும் மைக் என்றால் ஒரு கை போச்சு. மூன்று கயிற்றை எந்தக் கையால் பிடிப்பது? சட்டையில் குத்தும் மைக்கோ ஸ்டாண்டோ இல்லையென்றால் பாதி ஐட்டங்களை அங்கேயே அடித்துவிட வேண்டியதுதான். திறந்தவெளி என்றால் பட்டுத்துணியும் காகிதமும் வேண்டாம். நெருப்பு, புறா இரண்டும் முதல் ஷோவுக்குக் கூடவே கூடாது, இதில் விவாதத்துக்கே நான் வரவில்லை.

முப்பது நிமிஷத்துக்கு ஐந்து ஐட்டம், மிஞ்சினால் ஆறு. முதலாவது குட்டையாக இருக்கட்டும், யாரையும் மேடைக்குக் கூப்பிட வேண்டாம். இந்த ஆள் தேறுவானா என்று அவர்கள் எடைபோடும் நேரம் அது, உங்களை நம்பி எழுந்துவர இன்னும் யாரும் தயாரில்லை. ஆட்களைக் கூப்பிடுவதெல்லாம் நடுவில். உங்களிடம் இருப்பதிலேயே பலமானது கடைசியில். வீட்டில் கடிகாரம் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது இருபத்தைந்து நிமிஷம் வந்தாலே போதும். கைதட்டலும், கூப்பிட்டவர் கூச்சப்பட்டு எழுந்து மேடைக்கு வந்து சேர்வதும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

அப்புறம், நிகழ்ச்சி தாமதமாகித் தாமதமாகி, மேடை ஏறும் நேரத்தில் "தம்பி, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்று காதில் சொல்வார்கள். அடிக்கடி நடக்கும். எந்த இரண்டு அல்லது மூன்று ஐட்டத்தைத் தூக்குவது என்று வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள். தூக்குவது நடுவிலிருந்து மட்டும்தான். கடைசி ஐட்டத்தில் கை வைக்காதீர்கள்.