வரப்புல நடக்கக் காசு கேட்டா கொள்ளையா?

ரெண்டு நாளா அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. பாத்தாச்சு சாமி, முழுசாவே பாத்தாச்சு. பாலித் தீவுல தெகலாலாங் படிக்கட்டு வயல். வரப்பு ஓரமா ஒரு வயசான அம்மா உண்டியல் மாதிரி ஒரு பெட்டியக் காட்டுறாங்க. வீடியோ எடுக்கற நம்ம தம்பி கேமராவை அவங்க மூஞ்சிக்கு நேரா திருப்பி, "பாத்தீங்களா மக்களே, வரப்புல நடக்கக் காசாம், பட்டப்பகல் கொள்ளை"ன்னு சிரிக்கிறாரு. கீழ ஹார்ட்டு விட்டதுல பாதிப் பேரு நம்ம மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆளுங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

கேட்டது எவ்வளவு? இருபதாயிரம் ருப்பியா. நம்ம காசுக்கு நூறு ரூபாய்ச் சொச்சம். அதே வீடியோவுல கொஞ்சம் முன்னாடி, பள்ளத்துக்கு மேல ஊஞ்சல் கட்டி ஆட்டிவிடுற இடத்துல அதைப்போலப் பல மடங்கு குடுத்துட்டு "செம வொர்த்து"ங்கறாரு. ஊஞ்சல்ல ஆடும்போது பின்னாடி தெரியுதே பச்சை, அது யாரு நட்டது? ஊஞ்சல்காரனா நட்டான்?

போகாம பேசறேன்னு நினைக்காதீங்க. போன வருஷம் மச்சான் குடும்பத்தோட திருச்சியில ஏறி, கோலாலம்பூர்ல மாறி, போயிட்டு வந்தோம். எல்லாரும் செய்யறதைத்தான் நாங்களும் செஞ்சோம். நடுராத்திரியில எழுப்பி பாத்தூர் எரிமலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 1,717 மீட்டர் உயரம். டார்ச்சு வெளிச்சத்துல, கருப்பு மணல் காலுக்கடியில சரியச் சரிய ஏறினோம். மேல போனதும் வழிகாட்டிப் பையன் பாறை இடுக்குல வர்ற ஆவியிலயே முட்டைய வேகவச்சு உரிச்சுக் குடுத்தான். ஆயுங் ஆத்துல ரப்பர் படகுல போனோம். எல்லாத்துக்கும் காசு. யாரும் கொள்ளைன்னு சொல்லல, நான் உட்பட.

ஆனா எனக்கு மனசுல நின்னது ஜாதிலுவி வயக்காடுதான். வாய்க்கால் பிரியற இடத்துல குறுக்க ஒரு கட்டை கெடக்கு. அதுல வெட்டு வெட்டி விட்டிருக்காங்க. இந்தப் பக்கத்து நிலத்துக்கு இவ்வளவு, அந்தப் பக்கத்து நிலத்துக்கு அவ்வளவுன்னு வெட்டோட அகலமே பங்கு பிரிச்சுடுது. ஷட்டரும் இல்லை, அதைத் திறந்து மூடற லஸ்கரும் இல்லை. வாய்க்காலோட கடைசியில தண்ணிக்குக் காத்துக் கெடக்கற கடைமடைக்காரன் நான், அதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். "இதுல என்ன இருக்குன்னு போட்டோ எடுக்கறீங்க"ன்னு மச்சான் சலிச்சுக்கிட்டாரு.

என்ன இருக்கா? சுபக்னு அதுக்குப் பேரு. ஆயிரம் வருஷத்துக்கு மேலா நடக்கற முறை. யார் எப்ப நடறது, எப்பத் தண்ணி விடறதுன்னு நீர்க்கோயில்ல கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. 1970-கள்ல அரசாங்கம் புது ரக நெல்லக் குடுத்து, முறையெல்லாம் வேணாம், வருஷம் முழுக்க நட்டுக்கிட்டே இருங்கன்னுச்சு. என்ன ஆச்சு? புகையான் பூச்சி வந்துச்சு. திட்டுத் திட்டாக் கருகிப் போன வயலைப் பாத்தவனுக்குத்தான் அந்தப் பேரைக் கேட்டா வயிறு கலங்கும். ஊரே ஒண்ணா நட்டு, ஒண்ணா அறுத்து, ஒண்ணாக் காயப் போட்டாத்தான் பூச்சிக்குத் தீனி இருக்காது. அப்புறம் கோயில் முறைக்கே திரும்பினாங்க. 2012-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்ததும் அதைத்தான். நீங்க "வ்யூ"ங்கறீங்களே, அது ஒருத்தரோட இடுப்பு வலி.

உடனே வருவாங்க. "அந்தக் காசு விவசாயிக்குத்தான் போகுதுன்னு உனக்குத் தெரியுமா?" நடுவுல இருக்கறவன் எடுத்துக்கறதும் உண்டுன்னு நானும் கேள்விப்பட்டேன். சரி, அதைக் கேளு. எவன் எடுக்கறான்னு தேடிப் போயி வீடியோ போடு. பெட்டியோட உட்காந்திருக்கற கிழவியப் புடிச்சுச் சிரிக்காத. "வாசல்ல ஒரு டிக்கெட்டு, உள்ள இன்னொண்ணா?" எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா 2024 பிப்ரவரியிலேருந்து அந்தத் தீவுக்குள்ள வர்ற வெளிநாட்டுக்காரங்ககிட்ட தலைக்கு 1,50,000 ருப்பியா வாங்குறாங்க. அதுக்கு ஏன் கொள்ளைன்னு வீடியோ வரல? சர்க்காரு கேட்டா வாயை மூடிக்கிட்டுக் கட்டறது. சேத்துல கால் வச்சவ கேட்டா சிரிப்பு.

"நீ என்ன பாலிக்கு வக்கீலா?"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டாரு. இல்லண்ணே. நான் எங்க வரப்புக்கு வக்கீல்.

போன சம்பாவுல நட்டு பத்து பன்னெண்டு நாள் இருக்கும், பயிர் பச்சை புடிக்கிற நேரம். அண்டை வெட்டி, சேறு பூசி வச்ச வரப்பு இன்னும் முழுசாக் காயல. ஒரு கார் வந்து நின்னுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற போட்டோவாம். பொண்ணு தரை கூட்டற மாதிரி பாவாடை, மாப்பிள்ளை கூலிங் கிளாஸ், மேல ட்ரோன். "தம்பி, எறங்காதீங்க"ன்னு நான் மேட்டுலேருந்து கத்தறேன். கேமராக்காரரு, "அண்ணே, நேச்சர் எல்லாருக்கும் பொது"ங்கறாரு. சொல்லிட்டு ஸ்டாண்ட வயல்லயே ஊனறாரு. வரப்பு ரெண்டு எடத்துல சரிஞ்சு, முதநாள் யூரியா போட்ட தண்ணி மொத்தமும் பக்கத்து வயலுக்குப் போயிடுச்சு. கேட்டதுக்கு ஐநூறு ரூபாயை ரெண்டு விரல்ல புடிச்சு நீட்டறாங்க. நான் வாங்கல. இது எதுவும் தெரியாம எங்கம்மா, வெயில்ல நிக்கிறாங்களேன்னு அவங்களுக்குச் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

பொதுவாம்ல. மேட்டூர்ல ஜூன் 12-க்குத் தண்ணி திறக்காத வருஷமெல்லாம் எங்க இருந்தாங்க இந்தப் பொதுக்காரங்க? வாய்க்கால் தூர்ந்து கெடக்கறப்ப பொது இல்லை. நெல்ல மழையில நனையவிட்டுட்டு கொள்முதல் நிலைய வாசல்ல படுத்துக் கெடக்கறப்ப பொது இல்லை. பச்சையா இருக்கற அந்த மூணு மாசம் மட்டும் பொது! விவசாயி பேரைச் சொன்னா உருகற ஊரு இது. ஆனா அவன் கைய நீட்டிட்டா மட்டும் புடிக்கறதில்ல. அவன் சும்மாவே குடுக்கணும். சொம்புத் தண்ணியும் சேத்து.

தம்பி அடுத்து நம்ம டெல்டா பக்கம் எடுக்கப் போறாராம், கமெண்ட்ல சொல்லியிருக்காரு. வரட்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகட்டும், படகுக்குக் காசு குடுக்கத்தான் செய்வாரு. எங்க ஊருக்கும் வரட்டும். வயல்ல எறங்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்தாப் போதும், நான் வீட்டுலதான் இருப்பேன். எங்கம்மா தண்ணி தருவாங்களான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. அந்த வீடியோவை அவங்களும் பாத்துட்டாங்க.