நர்ஸ் வேலை வெறும் சம்பளமாம், நோக்கம் வேறயாம்

ஞாயித்துக்கிழமை எங்க சர்ச் வாலிபர் கூட்டத்துல நடந்ததப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். வீடியோ எல்லா குரூப்லயும் சுத்திடுச்சு, திரும்ப கதை சொல்லல. ஆனா அந்தப் பிள்ளை எந்திரிச்சு "நான் நர்ஸ்ண்ணே"ன்னதுக்கு "அது சம்பளம்மா, உன் வாழ்க்கைக்கு நோக்கம் என்ன?"ன்னு பிரசங்கம் பண்ண பிரதர் மைக்ல கேட்டு, கூட்டமே சிரிச்சதே, அத என்னால தாண்டிப் போக முடியல.

அப்புறம் வழக்கம்போல எரேமியா 29:11, உங்களப் பத்தி நான் நெனைக்கிறது தீமைக்கில்ல, சமாதானத்துக்குத்தான்னு கர்த்தர் சொல்ற பைபிள் வசனம். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில பாதிப் பேருக்கு அதான் வரும். சரி பிரதர், அதே அதிகாரத்துல 5ஆம் வசனத்துக்குப் போங்க. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதுன லெட்டர் அது. வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு, பிள்ள பெறு, நீ இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுன்னு இருக்கு. 70 வருஷம் ஆகும்னும் இருக்கு. அதக் கேட்ட பெரியவங்க பலபேர் ஊர் திரும்பியே இருக்க மாட்டாங்க, அப்போ அவங்க வாழ்ந்ததெல்லாம் வீணா?

எங்கம்மா ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துனவங்க. கழிவு போக வர்ற கூலியில மொதல்ல காணிக்கைய எடுத்து வச்சிட்டுதான் அரிசி வாங்குவாங்க. பீடி சுத்துறது பாவம் இல்லையான்னு ஒரு அண்ணன் கண்டிப்பா வருவாரு. வாங்கண்ணே, அந்தக் காணிக்கைய சர்ச்சுல யாராச்சும் வேண்டாம்னாங்களான்னு கேட்டுட்டு வாங்க.

மீன் பிடிச்ச பேதுருவ வலைய விட்டுட்டு வான்னுதானே ஆண்டவர் கூப்பிட்டார்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கூப்பிட்டார்தான். ஆனா மாற்கு 5ல பிசாசு நீங்குன மனுஷன் நானும் கூட வர்றேன்னு கெஞ்சுறான், அவன வீட்டுக்குப் போன்னுதான் அனுப்புறாரு. அப்போஸ்தலன் பவுலே கொரிந்து ஊர்ல ஆக்கில்லாங்கிறவர் வீட்டுல தங்கி கூடாரம் தச்சிருக்காரு. முழுநேர ஊழியத்த நான் குறை சொல்லல, சொல்லவும் மாட்டேன். மத்தவனுக்கு நோக்கமே இல்லன்னு சொல்றதுதான் பிரச்சனை. அதே பிரசங்கத்துலதான் வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் தியாகத்தச் சொல்லி எல்லாரையும் அழ வச்சீங்க. அவங்க டாக்டருங்க. 1909ல அவங்க வேலூர்ல ஆரம்பிச்சது என்ன தெரியுமா, நர்ஸுங்களுக்குப் பயிற்சி குடுக்கிற பள்ளிக்கூடம்!

இன்னொண்ணு. ஐடி வேலைக்கு அமெரிக்கா போற பையன முன்னால நிறுத்தி தலையில கை வச்சு ஜெபம் பண்றோம்ல, அப்போ மட்டும் அது தேவ சித்தம். விசா வந்தா சர்ச்சுல சாட்சி சொல்ல வைக்கிறோம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க பெட்பேன் எடுக்கிறவ வேலை மட்டும் வெறும் சம்பளமா? எங்கம்மா அடக்க ஆராதனையில "சகோதரி எளிமையாக வாழ்ந்தார்"னு ஒரே வரியில முடிச்சாங்க. அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். இது அதனால வந்த கோவம்னு நீங்க நெனச்சா நெனச்சுக்கோங்க, பாதி அதான்.

கமெண்ட்ல ஆமென் போட வேண்டாம். அந்தப் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் யாராச்சும் மன்னிப்பு கேட்டீங்களா, அதச் சொல்லுங்க.