எஸ்.எம். கிருஷ்ணாவின் சட்டப் படிப்பும் பெங்களூர்த் தமிழர்களும்

கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா என்றாலே ஐ.டி., பெங்களூரைச் சிங்கப்பூர் ஆக்கும் கனவு, டென்னிஸ் என்றுதான் எழுதுகிறார்கள். 2024 டிசம்பரில் அவர் காலமானபோதும் அதேதான். பெங்களூரில் தமிழர்கள் அதிகம் இருக்கும் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அவர் ஆட்சி என்றால் நினைவுக்கு வருவது வேறு இரண்டு விஷயங்கள். இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போனவை.

அவர் படித்தது சாதாரணப் படிப்பு இல்லை. மண்டியா மாவட்டத்துச் சோமனஹள்ளியில் பிறந்தவர், பெங்களூரில் சட்டம் முடித்து, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவில் மேற்படிப்பு படித்தார். திரும்பி வந்து ரேணுகாச்சார்யா சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் நடத்தினார். 1962இல் மத்தூரில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அப்புறம் எம்.பி., அமைச்சர், சபாநாயகர், துணை முதல்வர் என்று போய் 1999 அக்டோபரில் முதல்வர் ஆனார்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். மொத்தம் 108 நாள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் கடைகளின் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண் வண்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். வீரப்பன் கேட்டதெல்லாம் எங்கள் பெயரில்: பெங்களூரில் திருவள்ளுவர் சிலை திறக்க வேண்டும், கர்நாடகத்தில் தமிழைக் கூடுதல் ஆட்சிமொழியாக்க வேண்டும், 1991இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும். காட்டுக்குள் இருந்து அவன் கேட்டதற்கு நகரத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்! 1991 மாதிரி ஆகாமல் கிருஷ்ணா அரசு பார்த்துக்கொண்டது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் வீரப்பனுக்கு உதவியதாகத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டு மைசூர்ச் சிறையில் இருந்த 51 பேர் மீதான தடா குற்றச்சாட்டுகளைக் கைவிட அதே அரசு முடிவு செய்தது. மகனை வீரப்பனிடம் பறிகொடுத்த அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் போனார். அவர் மகன் ஷகீல் அகமது ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நவம்பரில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஒரு உயிரைக் காப்பாற்றும் அவசரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், சட்டம் சொல்லிக்கொடுத்த ஒருவர் தலைமையில் வழக்கைக் கைவிடும் மனு போயிருக்கக் கூடாது. சிறையில் இருந்தவர்களில் பலர் எல்லையோரக் கிராமத்து ஏழைகள். அவர்களுக்குத் தேவை சீக்கிரமான விசாரணை. 2001இல் மைசூர் தடா நீதிமன்றம் விசாரித்தபோது பெரும்பாலோர் விடுதலை ஆனார்கள். வள்ளுவர் சிலையும் 2009இல் இரு மாநில முதல்வர்கள் கூடித்தான் திறந்தார்கள், யாருடைய மிரட்டலும் இல்லாமல்.

அடுத்து 2002. மழை பொய்த்தது, காவிரிப் பிரச்சினை வெடித்தது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த பிறகும் கிருஷ்ணா நிறுத்தினார். மண்டியாவை நோக்கிப் பாதயாத்திரையும் போனார். அவர் மண்டியாக்காரர், காய்ந்த வயலின் வலி அவருக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல்வரே நீதிமன்ற உத்தரவை எதிர்த்து ரோட்டில் இறங்கினால், கீழே இருப்பவனுக்கு என்ன தைரியம் வரும்? எங்கள் பகுதியில் கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நின்றன, தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது.

கடைசியில் தண்ணீர் விட்டார், உச்ச நீதிமன்றத்தில் நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்டார். அதை அவருக்கு அவமானம் என்று பேசினார்கள். அவர் பொதுவாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அதுதான். சொந்த மாவட்டத்து ஓட்டு போகும் என்று தெரிந்தும் ஒரு வக்கீலாக அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

2016 செப்டம்பரில் தண்ணீர் விடும் உத்தரவு வந்தபோது முதல்வராக இருந்த சித்தராமையாவும் வக்கீல்தான். 12ஆம் தேதி ஒரே நாளில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் டஜன் கணக்கில் எரிந்தன. அதனால் அடுத்து வரும் எந்த முதல்வரிடமும் நான் கேட்பது இதுதான்: தீர்ப்பு வரும் நாளில், சாயங்காலம் வரை காத்திருக்காமல், காலையிலேயே டிவியில் வந்து, கன்னடத்தில், "தீர்ப்பை ஏற்கிறோம், மேல்முறையீடு செய்வோம், தமிழர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது" என்று நேராகச் சொல்லுங்கள்.