டொலரில் வரும் பில்

அரச திணைக்களங்கள் கிளவுட்டுக்கு (வேறோர் இடத்தில் இருக்கும் சேர்வர்களை இணையம் வழியாகப் பயன்படுத்தும் முறை) போனால் செலவு குறையும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் வெளிநாட்டு கிளவுட்டுக்கு பில் டொலரில் அல்லவா வரும்? 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது; ஒரு சேர்வர்கூடக் கூட்டாமலே பில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும். அதற்காக நம்முடைய சொந்த கிளவுட் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023இல் லங்கா அரச கிளவுட்டில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கெடுமென்பொருள்) புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் சேர்த்து. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள், அந்த நாட்களுக்கு பெக்கப்பும் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் சின்னக் கணக்காளர் அலுவலகத்தில்கூட, பின்னேரம் ஐந்தரைக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கொப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம்.