சைக்கிளில் வந்த ஆம்புலன்ஸ்

சென்ற ஆண்டு ஓர் இரவு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்துவிட்டு, வழிகாட்டுவதற்காகக் கீழே இறங்கி நின்றேன். சற்று நேரத்தில் கார் நிறுத்துமிடத் திருப்பத்தில், தூண்களின்மேல் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்தன. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினேன். வந்தது ஒரு சைக்கிள். கைப்பிடியில் தீப்பெட்டி அளவு விளக்கு. பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். உண்மையான ஆம்புலன்ஸ் புளோக்கின் மறுபக்கம் வந்து நின்றபோது நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மணிக்கட்டில் முறிவு, அவ்வளவுதான். கை கூடிவிட்டது, என் கோபம்தான் ஆறவில்லை.

இதில் சட்டம் ஒன்றும் புதிர் அல்ல. இருட்டில் சைக்கிள் ஓட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. சாலையில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை அவை எரிய வேண்டும். சிவப்பும் நீலமுமாக வெட்டி வெட்டி எரிவது போலிஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு உரியது. கார் வைத்திருப்பவர்கூட ஆசைக்கு அதைப் பூட்டிக்கொள்ள முடியாது. ‘அது மோட்டார் வாகனத்துக்கான விதி, சைக்கிளுக்கு எப்படிப் பொருந்தும்’ என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதாடட்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று சொன்ன பிறகு நீலத்துக்கு இடம் எங்கே?

பின்விளக்கு மினுங்குவதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த இரு நிறச் சேர்க்கையோடுதான் சண்டை. அதைக் கண்டதும் நாம் யோசிப்பதில்லை, ஒதுங்குகிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் இரவல் வாங்குகிறார்கள். பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு பாட்டி பேரனைப் புல்தரைக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்கியதை நானே பார்த்தேன். இந்தியாவில் அமைச்சர்களின் காரிலிருந்தே சிவப்புச் சுழல்விளக்கை 2017 மே 1 முதல் இறக்கிவிட்டார்கள். இங்கே தம்பிமார்கள் ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள்!

ஆனால் ஒருவரிடம் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை. கிராஞ்சிப் பக்கம் சிக்னலில், அதே சிவப்பு நீல விளக்கு எரியும் சைக்கிளில் வந்து என் சைக்கிளுக்கு அருகில் நின்றார். விடுதிக்குத் திரும்பும் தொழிலாளர், மன்னார்குடிக்காரர். ஏன் இந்த விளக்கு என்று கேட்டேன். “அண்ணே, வெள்ளை விளக்கு போட்டால் லாரி உரசிக்கொண்டு போகிறது. இதைப் போட்டால் தள்ளிப் போகிறது” என்றார். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஓட்டியவன் என்பதால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அப்படியும் அது சரியாகிவிடாது. எல்லோரும் மாட்டிக்கொண்டால் அந்த லாரிக்காரர் எதற்குமே தள்ளிப் போகமாட்டார், ஆம்புலன்ஸுக்கும் சேர்த்துத்தான். அந்தத் தொழிலாளருக்கு வேண்டியது நல்ல பின்விளக்கும், வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் மேலங்கியும். சொன்னேன். பச்சை விழுந்துவிட்டது, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே திரும்பும் வழியில் எதிரே வந்த பெரியவர் ஒருவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு என்னைத் திட்டினார். என் முன்விளக்கு நேராக அவர் முகத்தில் அடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய ட்யூப் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி அடியில் செருகி, விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.