கைதட்டினீர்கள் சரி, பதில் எங்கே?

நேற்று இரவிலிருந்து அந்த விவாதக் காணொளியைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். "செம பதிலடி" என்று என் நட்புப் பட்டியலிலேயே பலர் எழுதிவிட்டீர்கள். நானும் முழுசாகப் பார்த்தேன். ஒதுக்கிய நிதி எங்கே போனது என்று நெறியாளர் கேட்டார். விவாதத்துக்கு வந்த கட்சிப் பேச்சாளர் ஓர் அடுக்குமொழி சொன்னார். நெறியாளர் மறுபடி கேட்டார். பேச்சாளர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். கடைசியில் அரங்கமே அவரோடு சேர்ந்து சொன்னது. பதிலே வராத இடத்தில் பதிலடி எங்கிருந்து வந்தது?

இது பழைய வித்தை. 2019 தேர்தலை நினைத்துப் பாருங்கள். ரஃபேல் விமானங்களை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது கேள்வி. ராகுல் காந்தி அதை "சௌகிதார் சோர் ஹை", காவலாளியே திருடன், என்று சுருக்கினார். உடனே மோடி "நானும் காவலாளிதான்" என்றார். அமைச்சர்கள் ட்விட்டரில் தங்கள் பெயருக்கு முன்னால் சௌகிதார் என்று போட்டுக்கொண்டார்கள். அப்புறம் நாடெங்கும் காவலாளியைப் பற்றித்தான் பேச்சு, விமானத்தின் விலை பின்னால் போய்விட்டது. கேட்டவரே கேள்வியைக் கோஷமாக்கியதால்தான் மற்றவர் அதைச் சுலபமாகத் திருப்பிப் போட்டார் என்பது என் எண்ணம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, காரணம் கறுப்புப் பணம், கள்ள நோட்டு என்றார்கள். சில வாரங்களில் பேச்சு ரொக்கமில்லாப் பொருளாதாரம் என்று மாறியது. செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பிவிட்டதாக 2018-ல் ரிசர்வ் வங்கி சொன்னபோது, கறுப்புப் பணம் என்ன ஆச்சு என்று கேட்க ஆளே குறைந்துபோயிருந்தது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது பொய்யாக இருந்தாலும் உண்மைபோலத் தோன்றும் என்று 1977-லேயே உளவியல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஒரு பொதுக்கூட்டத்தில் எங்கள் பகுதிப் பிரதிநிதியிடம் எழுந்து நின்று குடிநீர் பற்றிக் கேட்டேன். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை வைத்தே ஓர் எதுகை கட்டினார். ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டுக் குழாயிலும்தான் தண்ணீர் வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மேடைத் தமிழால் வளர்ந்த அரசியல் இது, உங்களுக்கு ரசனையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1967 தேர்தலில் அரிசியைப் பற்றி "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார் அண்ணா. அதிலும் சந்தம் இருந்தது. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. ஜெயித்த பிறகு அந்த ஒரு படி எங்கே என்று யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நேற்றுக் கேட்ட அடுக்குமொழியில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கட்சி செய்தபோது எங்கே போனாய் என்று வருகிறவர்கள், மேலே இரண்டு கட்சிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.

கட்சிக்காரர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அவர்களுக்கு அது தொழில். பகிர்ந்தவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். அந்த நெறியாளர் பக்கம் நின்று மறுபடி கேட்டிருக்க வேண்டிய நீங்கள், அவர் வாயடைத்துப் போனார் என்று மகிழ்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.